நாலு மணிக்கு மேல் நிழல் விழும் தெரு

மார்ச் 3

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. உடனே பதில் போடாததற்குக் காரணம் கோபமில்லை, வேனின் கிளட்ச். மெக்கானிக் "நாளைக்குக்கா, நாளைக்குக்கா" என்று சொல்லியே என் உயிரை எடுத்துவிட்டான். அதுவரை பள்ளிப் பிள்ளைகளை இரவல் வேனில்தான் ஏற்றி இறக்கினேன். அந்த வேனின் ஹாரன் ஆட்டுக்குட்டி கத்துவது போல இருக்கும். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்கு மானம் போயிற்று.

போனில் பேசுவதில்லை என்று நாம் போட்ட ஒப்பந்தம் நல்ல ஒப்பந்தம்தான். அப்பாவைக் கடைசி வரை யார் பார்த்துக்கொண்டது, யார் ஓடிப்போனது என்று நாம் போனில் கத்தியதை மாடி வீட்டு நர்ஸ் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். "அன்னிக்கு நீங்க போட்ட சத்தத்துல ஆஸ்பத்திரியே தேவலைன்னு கெளம்பிட்டேன்க்கா" என்கிறாள். எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது. எனக்கு அதுவே பாதி வெற்றி.

தெரு எப்படி இருக்கிறது, ஒன்று விடாமல் எழுது என்று கேட்டிருந்தாய். ஆச்சரியமாக இருந்தது. இங்கே இருந்தவரை ஜன்னலைத் திறந்து பார்க்காதவன் நீ. சரி, கேட்டுக்கொள்.

நாலு மணிக்கு மேல் தெருமுனையில் உயர்ந்து நிற்கும் தண்ணீர்த் தொட்டியின் நிழல் தெருவின் மேல் விழுந்துவிடும். எவ்வளவு வெயில் அடித்தாலும் அதற்குப் பிறகு வாசலில் நாற்காலி போட்டு உட்காரலாம். பேக்கரியில் சாயங்கால ரொட்டியை எடுத்ததும் அந்த வாசனை முதலில் தையல்காரர் வீட்டுக்குப் போகும், பிறகு நம் வீட்டுக்கு, கடைசியில் தெரு வளைவுக்கு. யார் வீட்டுக் குழந்தை விழுந்தாலும் பக்கத்தில் இருப்பவர் முதலில் தூக்குவார், யார் பெற்றது என்று அப்புறம்தான் பார்ப்பார். இந்தத் தெருவில் காணாமல் போன பொருள் என்று ஒன்று கிடையாது, கைமாறிய பொருள்தான் உண்டு. நம் ஏணி இரண்டு வருஷமாக எலக்ட்ரீஷியன் வீட்டில் இருக்கிறது. அவருடைய துளையிடும் மெஷின் என்னிடம் இருக்கிறது. எனக்கு அதை ஓட்டத் தெரியாது. ஆனாலும் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

வேன் வழக்கம்போல வீட்டுக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவிலுள்ள சந்தில் நிற்கிறது. கண்ணாடியை மடக்கினால்தான் உள்ளே நுழையும். காலையில் ஹாரன்கூட அடிக்க வேண்டாம். நான் என்ஜினைப் போட்டதும் பிள்ளைகள் வாசலுக்கு வந்துவிடும். தையல்காரர் மகள்தான் முதல் ஆள். வாய் மூடாமல் கேள்வி கேட்பதால் அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர் வைத்திருக்கிறேன். நேற்று, "வேனுக்குத் தூக்கம் வந்தா என்ன பண்ணும்?" என்று கேட்டாள். "என்னை மாதிரி தூங்காம ஓட்டும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். வேன் கிடையாது, பிள்ளைகள் கிடையாது, தெருவில் ஒரு சத்தம் இருக்காது. மாடி வீட்டு ஃபிரிட்ஜ் ஓடி நிற்பதுகூடக் கேட்கும். அப்பா இருந்த அறையில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறேன். காலியாக இருந்தால் உள்ளே போக முடியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 16

அக்கா,

கடிதம் கிடைத்தது. ஆட்டுக்குட்டி ஹாரனை நினைத்து நினைத்துச் சிரித்தேன். சிரித்ததைக் கேட்டுப் பக்கத்து அறைக்காரன் பலகையைத் தட்டினான். எங்களுக்கு நடுவே இருப்பது சுவர் இல்லை, பலகை. ஒரு கூடத்தைப் பலகை வைத்து ஆறாகப் பிரித்து ஆறு பேருக்கு விட்டிருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் லிஃப்ட் போகும் குழி. கால் நீட்டிப் படுக்க வேண்டுமானால் கதவைத் திறந்து வைக்க வேண்டும். இதற்கு "தனி அறை" என்று பெயர். பெயர் வைத்தது எங்கள் நிறுவனத்தின் இணையதளம்தான்.

என்ன வேலை என்று நீ கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். இணையத்தில் வீடு தேடித் தரும் நிறுவனம். தரகர் கிடையாது, அலைச்சல் கிடையாது, போனில் விரலை வைத்தால் வீடு என்பதுதான் விளம்பரம். வீட்டை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது தெருவை. எந்தத் தெருவில் வீடு பார்த்தாலும் மேலே ஐந்தாறு வரி வரும். அந்த ஐந்தாறு வரிதான் என் சோறு. "அங்கயே பொறந்து வளந்தவன் சொல்ற மாதிரி இருக்கணும்" என்பார் மேலாளர். நான் அந்தத் தெருக்கள் எதையும் பார்த்ததில்லை. வரைபடத்தைப் பார்த்து எழுதுகிறேன். பூங்கா தெரிந்தால் "பசுமை", எதுவும் தெரியாவிட்டால் "வளர்ந்து வரும் பகுதி".

போன வாரம் நான் எழுதிய ஒரு குறிப்பை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். "இதுல உயிர் இருக்கு" என்றார். அதே சூட்டோடு வேலையும் நிரந்தரமாகிவிட்டது. உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்? இங்கே ஒருவனுக்கும் என் முழுப் பெயர் தெரியாது.

நாள் முழுக்க ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வீடு காட்டுகிறேன். நான் எழுதும் எந்தத் தெருவிலும் எனக்கு வீடு எடுக்க வக்கில்லை. சம்பளம் ஏறுவதற்கு முன்னால் வாடகை ஏறிவிடுகிறது. இதை யாரிடமாவது சொன்னால், "எல்லாருக்கும் அப்படித்தானே பிரதர்" என்கிறார்கள். எல்லோருக்கும் அப்படி என்றால் சரியாகிவிடுமா?

தெருவைப் பற்றி இன்னும் எழுது. பேக்கரி, நர்ஸ், கேள்விக்குறி எல்லாம். படித்தால் அங்கே இருப்பது போல இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

வேலை நிரந்தரமானதில் எனக்குத்தான் சந்தோஷம் அதிகம். நர்ஸிடம் சொன்னேன், பேக்கரிக்காரரிடம் சொன்னேன். "எழுத்து வேலையா? அவன் லீவு லெட்டர்கூட நீங்கதானே எழுதிக் குடுப்பீங்க" என்றார் பேக்கரிக்காரர். நான் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை.

நீ தெருவைக் கேட்கிறாய். தெருவுக்கு என்னமோ ஆகிவிட்டது. புதுப்புது ஆட்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு பெண் தொட்டியின் நிழலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நிழலைப் போய் யாராவது படம் எடுப்பார்களா? "அது நாளைக்கும் வரும்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள்.

தையல்காரர் குடும்பம் காலி செய்துவிட்டது. வாடகையை ஒரேயடியாக ஒன்றரை மடங்காக்கச் சொல்லி அவர்கள் வீட்டுக்காரருக்குப் போனில் செய்தி வந்ததாம். அந்த மனிதருக்கே அது கேட்கத் தோன்றாத தொகை. போன் சொன்ன பிறகு தோன்றிவிட்டது. ஊருக்கு வெளியே, பஸ் போய்த் திரும்பும் இடத்துக்குப் போய்விட்டார்கள். கடைசி நாள் வேனிலிருந்து இறங்கும்போது கேள்விக்குறி, "நாளைக்கு என் சீட்ல யாருக்கா உக்காருவா?" என்றாள். நான் கியரைப் போட்டேன்.

சரி, ஏற்றிய வாடகைக்கு ஆள் வந்திருக்க வேண்டாமா? அந்த வீடு இருட்டாகக் கிடக்கிறது. அதற்கு அடுத்த வீடும் காலி. வீடு காலியாகக் காலியாக வாடகை ஏறுகிறது. இது என்ன கூத்து என்று எனக்குப் புரியவில்லை. நீ அந்த வேலையில்தானே இருக்கிறாய், எனக்குப் புரியும்படி சொல்.

நம் வீட்டுக்காரரும் வந்தார். எப்போதும் வந்தால் டீ குடித்து, முட்டிவலியைச் சொல்லி, அப்பாவை நினைத்துப் பெருமூச்சு விட்டுப் போகிறவர். இந்த முறை நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"நானா கேக்குறேம்மா? போன் சொல்லுது" என்று திரையைக் காட்டினார்.

"அப்ப போனுக்குத் தனியா குடுத்துக்கலாம். உங்களுக்கு எப்பவும் குடுக்குறத குடுக்குறேன்" என்றேன்.

சிரித்தார். பாவம், நல்ல மனிதர். ஆனால் அவர் மகன் வெளியூரில் இருந்து தினமும் அந்தத் திரையைப் படம் பிடித்து அனுப்புகிறானாம், "அப்பா, நீங்க ஏமாந்துட்டு இருக்கீங்க" என்று. மே மாதம் வரை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்கு வீடு போனாலும் வேறு பார்த்துக்கொள்ளலாம். இந்தச் சந்து போனால் வேனை எங்கே நிறுத்துவேன்? பிள்ளைகள் இருக்கும் தெருவில் இருப்பதால்தான் இந்த வண்டிக்குப் பிழைப்பு. தூரத்தில் இருந்து வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தால் டீசலுக்கே சரியாகிவிடும். அப்பா இருந்த வீடு என்பதைக்கூட விடு. அதைப் பேசினால் மறுபடி சண்டை வரும்.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

கூத்துதான். எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

எங்கள் தளத்தில் "பரிந்துரை வாடகை" என்று ஒன்று உண்டு. வீட்டுக்காரர் விலாசத்தைப் போட்டால், உங்கள் வீட்டுக்கு இவ்வளவு கேட்கலாம் என்று காட்டும். அது எங்கிருந்து வருகிறது? அக்கம்பக்கத்தில் மற்றவர்கள் எவ்வளவு கேட்டிருக்கிறார்களோ அதிலிருந்து. கேட்டதுதான், கொடுத்ததில்லை. பேராசை பிடித்த ஒருவன் வாய்க்கு வந்ததைப் போட்டு வீட்டைப் பூட்டி வைத்தால், அது அடுத்த வீட்டுக்குக் கணக்காகிறது. அடுத்த வீட்டுக்காரன் அதற்கு மேல் கொஞ்சம் போடுகிறான். அது நம் வீட்டுக்குக் கணக்காகிறது. ஒரு ஆள்கூடக் கொடுக்காத வாடகைதான் தெருவின் வாடகை என்று எழுதப்படுகிறது. இதைத்தான் சந்தை என்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. "இப்போது பதினெட்டு பேர் இந்த வீட்டைப் பார்க்கிறார்கள்" என்று சிவப்பில் மின்னும். யார் அந்தப் பதினெட்டு பேர் என்று ஒரு நாள் நான் பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் அதே தெருவின் வீட்டுக்காரர்கள். ஒருவர் வீட்டு விலையை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து வீடு தேடுகிறவன் பதறிப்போய் முன்பணம் கட்டுகிறான்.

நான் இருக்கும் பலகைப் பெட்டிக்கும் ஏற்றிவிட்டார்கள். ஆறு பேரும் கூடிப் பேசினோம். பேசி முடித்துவிட்டு ஆறு பேரும் கட்டினோம். அலுவலகத்தில் மேசை மேசையாகப் போய், நாம் செய்யும் வேலைதான் நம் கழுத்துக்கே வருகிறது என்றேன். ஒருவன் மட்டும், "மெதுவா பேசு, உனக்கு வேல வேணாமா?" என்றான்.

நீ எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேள், அவகாசம் கேள். அவர் மனசு இளகினவர், உன் வாய்க்கு முன்னால் நிற்க மாட்டார். நான் உள்ளே இருக்கிறேன், ஏதாவது செய்கிறேன். தெருவைப் பற்றி இனிமேல் எழுதவில்லை என்றாலும் பரவாயில்லை. உன்னைப் பற்றி எழுது.

தம்பி


மே 14

வீட்டுக்காரர் நம் வீட்டை உங்கள் தளத்தில் போட்டுவிட்டார். பார்க்க வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்கித் தருகிறார்கள். நாலரை முதல் நாலே முக்கால் வரை ஒருவர், அது முடிந்ததும் இன்னொருவர். என்னிடம் கேட்பது கிடையாது. போனில் செய்தி வரும், கதவைத் திறக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் என் அலமாரியைத் திறந்து ஆழம் பார்க்கிறார்கள்.

இன்றைக்கு ஒரு இளம் ஜோடி வந்தது. நல்ல பிள்ளைகள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். அந்தப் பெண் கூடத்தின் நடுவில் நின்று போனைப் பார்த்து அவனுக்கு வாசித்துக் காட்டினாள்.

"நாலு மணிக்கு மேல் தெருவில் நிழல் விழும். வாசலில் நாற்காலி போட்டு உட்காரலாம். சாயங்கால ரொட்டியின் வாசனை ஒவ்வொரு வீடாக வரும். இங்கே காணாமல் போன பொருள் கிடையாது, கைமாறிய பொருள்தான் உண்டு."

வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, "ரொட்டி வாசன நெசமாவே வருமாக்கா?" என்றாள்.

போனை வாங்கிப் பார்த்தேன். கடைசி வரி: "ஞாயிற்றுக்கிழமைகளில் முழு அமைதி."

அவர்கள் போன பிறகு தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். அன்றைக்கு நான் உனக்கு எழுதியது என்ன, நீ அதை என்னவாக எழுதியிருக்கிறாய்? துணிக்கொடி கட்டிய அறைக்கு வெளியே நின்றுகொண்டு, மாடி வீட்டு ஃபிரிட்ஜ் சத்தத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒருத்தி இருக்கிறாள் என்று உடன்பிறந்தவனுக்கு எழுதினால், அவன் அதை அமைதி என்று விற்கிறான்.

தெருவைப் பற்றி ஒன்று விடாமல் எழுது என்று நீ கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? என் பேச்சைக் கேட்க ஒருவன் இருக்கிறான் என்று இருந்தது. அதற்குத்தான் அன்றைக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன்.

தையல்காரர் போனதும் இதனால்தானே? சொல்.


மே 19

அக்கா,

நான்தான். தையல்காரர் போனதும் இதனால்தான். வேறு எதுவும் இருக்கலாம், ஆனால் தளத்தில் அந்தப் பக்கம் வந்த பிறகுதான் உங்கள் தெருவைத் தேட ஆரம்பித்தார்கள்.

வேலையை நிரந்தரமாக்குவதற்கு முன்னால் ஒரு தெருவைப் பற்றி எழுதிக் காட்டச் சொன்னார்கள். எனக்கு ஒரு தெருதான் தெரியும், அதுவும் சரியாகத் தெரியாது. அதனால்தான் உன்னைக் கேட்டேன். உன் கடிதம் வந்தது. சும்மா சோதனைக்குத்தான், எழுதிக் காட்டியதும் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் அதை அப்படியே ஏற்றிவிட்டார்கள். மேலாளர் பாராட்டியதும் நான் வாயை மூடிக்கொண்டேன். உனக்கு எழுதியபோதும் மூடிக்கொண்டேன். ஏப்ரலில் நீ தையல்காரரைப் பற்றி எழுதினாய். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று பக்கம் பக்கமாக விளக்கினேனே தவிர, அதைச் சொல்லவில்லை.

நான் எழுதாவிட்டால் வேறு ஒருவன் எழுதியிருப்பான் என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். எழுதியிருப்பான். ஆனால் மோசமாக எழுதியிருப்பான். ஒருவரும் நிழலைப் படம் எடுக்க வந்திருக்க மாட்டார்கள்.

உன் கடிதம் வந்த அன்றே மேலாளரிடம் போய், அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள், அங்கே என் அக்கா இருக்கிறாள் என்றேன். "நல்லா ஓடுற பக்கத்த எடுக்கவா? அக்காவுக்கு நம்ம தளத்துலயே ஒரு வீடு பாத்துக்கலாமே" என்றார். கேலிக்குச் சொல்லவில்லை. உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு நானே மாற்றி எழுதினேன். சாக்கடை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான், நாய்த் தொல்லை, மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். பாதி பொய், பாதி நிஜம். மறுநாளே ஒருவர் கீழே எழுதியிருந்தார்: "நேர்மையான குறிப்பு. இந்தத் தளத்தை நம்பலாம் போலிருக்கிறது." அன்றைக்குப் பார்வையாளர்கள் இன்னும் அதிகம். பரிந்துரை வாடகை இம்மியும் இறங்கவில்லை. அது என் வரிகளைப் படிப்பதில்லை, ஏற்கெனவே கேட்ட தொகையைத்தான் படிக்கிறது. ஏற்றிவிட எனக்கு முடிந்தது. இறக்க எனக்கும் முடியவில்லை, யாருக்கும் முடியாது போலிருக்கிறது.

மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிட்டார்கள். மேசையைக் காலி செய் என்றார்கள். பழைய வரிகளைத் திரும்ப வைத்துவிட்டார்கள். என் பெயர் எங்கேயும் இருந்ததில்லை, அதனால் அழிக்க வேண்டிய வேலைகூட அவர்களுக்கு இல்லை.

நீ காலி செய்யாதே. நான் வருகிறேன். வீட்டுக்காரர் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

தம்பி


ஜூன் 8

அக்கா,

பதில் இல்லை. நான் ஒப்பந்தத்தை மீறினேன். போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று நாள் பொறுத்து வீட்டுக்காரருக்குச் செய்தேன்.

"காலி பண்ணிட்டாங்களேப்பா. உங்கிட்ட சொல்லலையா?" என்றார்.

"எங்க போனாங்க சார்?"

"நானும் கேட்டேன். 'வண்டி போற எடத்துக்கு' அப்படின்னு சொல்லிட்டு சாவியக் குடுத்துச்சு." பிறகு, "வீடு இன்னும் சும்மாதான் கெடக்குது தம்பி. அந்த ஜோடியும் வரல. அவ்ளோ முடியாதாம். உன் அக்கா இருந்தவரைக்கும் மாசம் பொறந்தா வாடகையாவது வந்துச்சு. இப்ப போன் மட்டுந்தான் வருது" என்றார்.

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் செய்தேன். திட்ட முடியவில்லை. வைத்துவிட்டேன்.

இதைப் பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடுகிறேன். எப்படியும் வேன் அங்கே வந்துதானே ஆக வேண்டும்?

நான் இப்போது வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் லாரியில் போகிறேன். தெருக்களை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன். போகிற வீடெல்லாம் ஒரே மாதிரிதான். அழுகையை அடக்கிக்கொண்டு பெட்டி கட்டும் ஒரு அம்மா, "பாத்துப்பா, பாத்துப்பா" என்று பின்னாலேயே வரும் ஒரு அப்பா. போன வாரம் ஒரு பெரியவர் கட்டிலை ஏற்ற விடவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். நாங்கள் நாலு பேர் பீடி பற்றவைத்துக்கொண்டு வெளியே நின்றோம். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. ஓட்டுநர் மட்டும், "எறங்கி வரட்டும், நமக்கென்ன, லாரி வாடகை அவருக்குத்தானே ஏறுது" என்றார். நாங்கள் சிரித்தோம். சிரித்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

பலகை அறையை விட்டுவிட்டேன். லாரி நிற்கும் ஷெட்டில் படுத்துக்கொள்கிறேன். இங்கே கால் நீட்டலாம்.

நீ எங்கே இருக்கிறாய்? வீடு எப்படி? ஜன்னல் இருக்கிறதா? வேனுக்கு இடம் கிடைத்ததா? பக்கத்தில் பேச யாராவது இருக்கிறார்களா? ஒரு வரி போடு, போதும்.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. கடைசிக் கடிதத்தைத் தலைமை ஆசிரியை என் கையில் கொடுத்து, "லவ் லெட்டரா?" என்று கேட்டார். "இந்த வயசுல எனக்கு யார் டீச்சர் எழுதப் போறா, தம்பிதான்" என்றேன்.

நான் நன்றாக இருக்கிறேன். வேன் ஓடுகிறது. சீட் முன்பு மாதிரி நிறையவில்லை, ஆனால் ஓடுகிறது.

வேலை போனதை நீ ஏதோ எனக்காகச் செய்த தியாகம் போல எழுதியிருக்கிறாய். உன்னைத் துரத்திவிட்டார்கள். இரண்டும் ஒன்றில்லை. ஆனால் அந்த அலுவலகத்தில் போய் என் அக்கா இருக்கிறாள் என்று சொன்னாயே, அதைப் பல தடவை படித்தேன். பொய் சொல்லாமல் சொல்கிறேன், அழுதேன். அழுததால் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

தையல்காரரைப் போய்ப் பார்த்தேன். ஒரு மணி நேரம் பஸ். உன் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். தையல்காரர் மனைவி டீ போட்டுக் கொடுத்து, "உங்க தம்பி பெரிய வேலைல இருக்கானாமே, எங்களுக்கு ஒரு வீடு பாத்துச் சொல்லச் சொல்லுங்களேன்" என்றாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தேன். அதை நீதான் போய்ச் சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன்.

நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டிருந்தாய். சொல்லப் போவதில்லை. உன் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. நம்பிக்கை இருக்கிறது. ஆனால் எழுதினால் அது தாளில் இருக்கும். தாள் யார் கைக்குப் போகும், எப்போது போகும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஜன்னல் எந்தப் பக்கம், எதிர் வீட்டில் யார், தெருவில் வெயிலா நிழலா, எதையும் கேட்காதே. இங்கே இருக்கிற வாடகையை என்னால் கட்ட முடிகிறது. இந்த இடத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது.

கடிதம் போடுவதானால் பள்ளிக்கூடத்துக்கே போடு. வருவதானால் பஸ் நிலையத்தில் நில். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து வேனில் கூட்டிக்கொண்டு போகிறேன். வா. வரும்போது போர்வை எடுத்து வராதே, உன் பழைய போர்வை இங்கே இருக்கிறது.

ஷெட்டில் தூங்குகிறவன் கொசுவத்தி வைத்துக்கொள். லாரியில் பாரம் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கு.

நேற்று சாயங்காலம் வாசலில் நின்றபோது எதிரே ஒன்று நடந்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பக்கத்தில் சொல்ல யாருமில்லை. உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்து நாலு வரி எழுதினேன். திரும்பப் படித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருந்தது. அதனால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இந்தத் தாளை எடுத்தேன்.

அக்கா